முதலில் கட்டு, பிறகு பழகு

கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் முதல் வாரம் ஒரு வரவேற்புக் கூட்டம் நடக்கும். துணிப்பை ஒன்று, பேனா ஒன்று, கல்லூரிப் பெயர் அச்சடித்த தண்ணீர் பாட்டில் ஒன்று. எல்லாம் இலவசம். பதினாலாயிரம் டாலர் கட்டியவனுக்கு ஒரு பாட்டில் இலவசம். ஒருவர் மேடையேறி, இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது, அவர்களுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள் என்று உருக்கமாக வாசிப்பார். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்களோ என்று பையன் நிமிர்ந்து உட்காருவான். அப்படியொன்றும் நடக்காது. அடுத்த ஸ்லைடில் இரண்டாம் தவணைக்கான கடைசித் தேதி வரும்.

அதற்கும் அடுத்த ஸ்லைடுதான் விசேஷம். கலாசார அதிர்ச்சி. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் ஒரு வளைகோடு. முதலில் தேனிலவு, பிறகு நெருக்கடி, பிறகு தேறுதல், கடைசியில் பழகிப்போதல். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1950களில் சொன்ன நான்கு கட்டங்கள். அவரும் கனடாக்காரர்தான், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோவில் பிறந்தவர். வெளிநாடு போய் வேலை செய்பவர்களின் மனம் எப்படித் தடுமாறுகிறது என்று யோசித்தவர். பாவம், தான் சொன்ன கட்டங்களை வைத்து ஒரு தொழிலே நடக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்தக் கோட்டின் வசதியைப் பாருங்கள். பையனுக்குத் தூக்கம் வரவில்லையா? நெருக்கடிக் கட்டம். பசி இல்லையா? நெருக்கடிக் கட்டம். ஓர் அறையில் நான்கு பேர் படுத்து, ஆளுக்கு அறுநூறு டாலர் கொடுக்கிறார்களா? அதுவும் நெருக்கடிக் கட்டம்தான். பழகிவிடும். மனநல ஆலோசகரைப் பார்க்கலாம். அவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலும் பழகியிருக்கும்.

கொள்ளைக்குக் கலாசாரம் என்று பெயர் வைத்துவிட்டால் போலீஸ் வராது.

நம் பிள்ளைகள் எதற்குத்தான் பழகவில்லை? மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நின்று பழகினார்கள். தங்கள் காலை மிதித்தவனிடம் தாங்களே சாரி சொல்லப் பழகினார்கள். லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடம் வானிலையைப் பற்றி முப்பது விநாடி பேசப் பழகினார்கள். இதெல்லாம் ஒரு மாத வேலை. இவர்களைப் பார்த்து, பழகத் தெரியவில்லை, ஒட்டி வாழத் தெரியவில்லை என்று அங்கே ஒரு கூட்டம் புலம்புகிறது. பழக முடியாதது ஒன்றே ஒன்றுதான். கணக்கு.

கணக்கைப் பார்ப்போம். 2023 முடிவில் கனடாவில் மாணவர் அனுமதி வைத்திருந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே நான்கு கோடிதான். உலகம் முழுவதிலுமிருந்து வந்த மாணவர்கள் 2022-இல் அங்கே செலவழித்த பணம் 37 பில்லியன் டாலருக்கு மேல் என்று கனடா அரசே பெருமையோடு கணக்குச் சொன்னது. நம் ரூபாயில் இரண்டு லட்சம் கோடியைத் தாண்டும். 2ஜி-யில் போனதாகச் சொல்லப்பட்ட 1.76 லட்சம் கோடியை வைத்து நாம் எத்தனை வருடம் பேசினோம்! எத்தனை தேர்தலை நடத்தினோம்! இதைப் பற்றி ஒரு டீக்கடையிலும் பேச்சில்லை. இதற்குப் பெயர் கல்வி அல்லவா.

இந்தப் பணம் எங்கே போனது என்று தெரிய ஒன்டாரியோவுக்குப் போக வேண்டும். 2019-இல் மாகாண முதல்வர் டக் ஃபோர்டு உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தில் 10 சதவீதம் குறைத்தார். குறைத்த இடத்திலேயே பூட்டும் போட்டார். பலத்த கைதட்டல். குறைந்த காசை அரசு கஜானாவிலிருந்து கொடுத்தாரா? இல்லை. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்குப் பூட்டு உண்டா? அதுவும் இல்லை. கல்லூரி நிர்வாகங்களுக்கு இதற்கு மேல் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்டாரியோவின் தலைமைத் தணிக்கையாளர் 2021-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மாகாணத்தின் 24 அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களில் 30 சதவீதம் பேர் வெளிநாட்டு மாணவர்கள். கட்டண வருவாயில் அவர்கள் கொடுத்தது 68 சதவீதம். அவர்களில் 62 சதவீதம் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்ப் பிள்ளைக்குக் கட்டணம் மூவாயிரம் டாலர் சொச்சம். நம் பிள்ளைக்குப் பதினாலாயிரத்துக்கு மேல். அதே வகுப்பு, அதே நாற்காலி, அதே வாத்தியார்.

ஆக, ஒன்டாரியோ வாக்காளரின் பிள்ளைக்குச் சலுகை கொடுத்தது டக் ஃபோர்டு என்று யாராவது நம்பிக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளட்டும். கொடுத்தவர் திருவாரூர்ப் பக்கம் நாலு மா நிலத்தை அடகு வைத்தவர். அவருக்கு ஒன்டாரியோவில் ஓட்டு இல்லை. அவர் பெயரில் ஒரு கல்வெட்டாவது வைத்திருக்கலாம்.

கறவை மாட்டுக்குக்கூடப் புண்ணாக்கு வைக்கிறவனைத்தான் நாம் பால்காரன் என்போம். இவர்கள் மாட்டிடமே புண்ணாக்குக்கும் காசு வாங்கினார்கள்.

அந்தத் திருவாரூர்க்காரரை யார் பிடித்தார்கள்? சென்னை, கோவை, திருச்சி என்று நட்சத்திர ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்விக் கண்காட்சி நடக்கும். கதவில் மேப்பிள் இலை. உள்ளே கோட்டு சூட்டுப் போட்ட தம்பிகள். அப்பா மகனின் மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு நிற்பார். பையன் பி.இ. மெக்கானிக்கல், இரண்டு அரியர்.

"எங்களுக்கு நீங்க ஒரு பைசா தர வேணாம் சார். எல்லாமே ஃப்ரீ."

"இல்ல தம்பி, பையன் மெக்கானிக்கல். நீங்க என்னமோ பிசினஸ் மேனேஜ்மென்ட்னு..."

"அங்க எல்லாம் ஒண்ணுதான் சார். சீட் இருக்கறது அதுலதான். ரெண்டு வருஷம் டிப்ளமோ, மூணு வருஷம் வேலை, அப்புறம் பி.ஆர். நீங்க குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் மட்டும் வாங்கி வெச்சுக்கங்க, பேரனைப் பார்க்கப் போகணும்ல."

அப்பா சிரித்துவிடுவார். விழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

எல்லாமே ஃப்ரீ என்பதில் பொய் இல்லை. அந்தத் தம்பிக்குச் சம்பளம் கல்லூரி கொடுக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். மேலே சொன்ன 24 கல்லூரிகள் 2020-21 என்ற ஒரே கல்வியாண்டில் ஏஜென்ட்களுக்குக் கொடுத்த கமிஷன் பத்துக் கோடி டாலருக்கும் மேல். அரசுக் கல்லூரிகள் ஐயா, அரசுக் கல்லூரிகள். நம் ஊரில் தனியார் இன்ஜினீயரிங் கல்லூரிக்காரர் பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடித்தால் நாம் முகம் சுளிப்போம். ஒன்டாரியோ அதையே ஓட்டல் ஏசியில் செய்தது. வளர்ந்த நாடு.

பிறகு வங்கி. பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் என்றால் வழக்கமாக ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் கேட்பார்கள். ஏழரை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம். மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்கு மூன்று லட்சம் கைமாற்று. அம்மாவின் நகை எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லார் வீட்டிலும் அது ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

அந்தப் பக்கம் கனடா அரசு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மாணவன் ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்குக் கையில் பத்தாயிரம் டாலர் காட்ட வேண்டும். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வைத்த தொகை. 2023 முடியும் வரை மாறவே இல்லை. டொராண்டோவில் வாடகை இரட்டித்தது. தக்காளி விலையிலிருந்து பஸ் கட்டணம் வரை எல்லாம் ஏறியது. மாணவனின் வயிறு மட்டும் இருபது வருடமாகப் பத்தாயிரத்திலேயே நின்றது. கூட்டம் அளவுக்கு மீறிச் சேர்ந்து ஊரே கத்தத் தொடங்கிய பிறகு, 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து 20,635 டாலர் என்றார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர் திடீரென எழுந்து கணக்குப் போட்டால் இப்படித்தான் சில்லறை சுத்தமாக இருக்கும்.

கல்லூரி என்றதும் கட்டடம், மைதானம், மரத்தடி என்று கற்பனை ஓடும். டிம்மின்ஸ் என்று வடக்கே ஒரு சுரங்க ஊர். டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அங்கே ஓர் அரசுக் கல்லூரி. அந்தக் குளிருக்கு வெளிநாட்டு மாணவன் வர மாட்டான் என்று தெரியும். அதனால் தன் பாடத்திட்டத்தை டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரிக்குக் கொடுத்தது. டிம்மின்ஸ் பட்டயம், ஸ்கார்பரோ வகுப்பு. இப்படிக் கிளை விட்ட அரசுக் கல்லூரிகள் பல. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தை விஜயவாடாவில் ஒரு வணிக வளாகத்தில் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் தெருவில் இறங்குவோமா இல்லையா? அங்கே அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர் வைத்தார்கள்.

2023 ஆகஸ்டில், வகுப்புத் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, அந்தக் கல்லூரி சுமார் 500 பேரின் சேர்க்கைக் கடிதத்தை ரத்து செய்தது. பெரும்பாலோர் இந்தியர்கள். அனுமதி எதிர்பார்த்ததைவிட அதிகப் பேருக்குக் கிடைத்துவிட்டதாம், இடம் போதவில்லையாம். எத்தனை பேரைக் கூப்பிட்டோம் என்று எண்ணத் தெரியாத கல்லூரியில் நம் பிள்ளை போய் மேலாண்மை படிக்க இருந்தான். சிலர் டிக்கெட்டே எடுத்துவிட்டார்கள். சிலர் வந்தே விட்டார்கள். இது வளைகோட்டில் எந்தக் கட்டம்? ஓபெர்க்கைத்தான் கேட்க வேண்டும்.

வந்தவன் எங்கே தங்குவான்? பேஸ்மென்ட். ஸ்கார்பரோவில் ஒன்றைப் பார்த்தேன். வீட்டின் பக்கவாட்டுக் கதவு, குனிந்து இறங்கும் படி. கூரைக்குக் கீழே ஒரு முழ உயரத்தில் ஜன்னல். அதன் வழியாக வெளி உலகம் கணுக்கால் வரை தெரியும். இரண்டு அறை, ஏழு பையன்கள். கும்பகோணம், கடலூர், மதுரை, மீதி ஆந்திரா. பகல் ஷிப்ட் போகிறவனின் மெத்தையில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுக்கிறான். மெத்தை ஆறுவதே இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் வீட்டுக்காரர் கைப்பட எழுதிய தாள்: ஹீட்டரைத் தொடக் கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் சமையல் கூடாது. மீன் கூடவே கூடாது. விருந்தாளி கூடாது. பனி தள்ளுவது வாடகைக்காரர் பொறுப்பு. கீழே, அன்புடன் என்று போட்டு ஒரு கையெழுத்து.

வாடகைக்கு ரசீது கேட்டானாம் கும்பகோணத்துப் பையன்.

"ரசீதோ? என்ன தம்பி கதைக்கிறியள். நாங்களும் வந்த புதுசிலை பேஸ்மென்டிலைதான் கிடந்தனாங்கள்."

உண்மைதான். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அந்த ஊரில் ஒரு சமூகத்தையே கட்டி எழுப்பியவர்கள். அவர்கள் பட்டதை மறுக்க யாருக்கும் வாய் இல்லை. ஆனால் பட்ட கஷ்டத்தைக் கட்டிலுக்கு அறுநூறு என்று வாடகைக்கு விடுவது வேறு. ஸ்கார்பரோ என்று சொன்னதால் அவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டன் போனால் பஞ்சாபிக்காரர், வேறு பக்கம் போனால் குஜராத்திக்காரர், பல தலைமுறைக்கு முன் வந்த வெள்ளைக்காரரும் உண்டு. பேஸ்மென்ட் விஷயத்தில் கனடா எந்த இனத்தையும் ஒதுக்குவதில்லை. பன்மைக் கலாசாரம் என்கிறார்களே, அது முழுமையாக நிறைவேறிய இடம் அதுதான்.

பேஸ்மென்ட் கிடைத்தவன் பாக்கியவான். 2023 செப்டம்பரில் நார்த் பே நகரில், தங்க இடம் கிடைக்காத வெளிநாட்டு மாணவர்கள் கூடாரம் போட்டுப் போராடினார்கள். அவர்கள் படிக்க வந்த கல்லூரிகளின் வாசலுக்கு அருகே. கூடாரமும் கேம்ப்ஃபயரும் கனடியக் கலாசாரம்தானே, நன்றாகத்தான் பழகியிருக்கிறார்கள்.

பசித்தால் உணவு வங்கி என்று ஒன்று உண்டு. பிராம்ப்டனில் ஓர் உணவு வங்கி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டது. 2024-இல் வான்கூவரிலும் முதலாண்டு வெளிநாட்டு மாணவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். சொன்ன காரணம்: இவர்கள்தான் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாக அரசிடம் காட்டிவிட்டு வருகிறார்களே. காட்டினார்கள், உண்மைதான். அந்தப் பணம் வாடகையாகவும் அடுத்த தவணையாகவும் போய் எட்டு மாதம் ஆகிறது என்பதை யாரிடம் காட்டுவது? உணவு வங்கிக்காரரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருப்பது பத்து டப்பா பீன்ஸ். வரிசையில் நிற்பது முந்நூறு பேர். பத்து டப்பாவுக்கு முந்நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டு லாபக் கணக்கை மூடியவர்கள் வேறு கட்டடத்தில், வேறு மாடியில் இருக்கிறார்கள்.

இனி மொழிக்கு வருவோம். அது ஒரு தனிக் கூத்து.

போவதற்கு முன் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டும். மிருகக்காட்சி சாலைகள் தேவையா என்ற தினுசில் 250 சொல்லில் கட்டுரை. பையன் எழுதினான், தேறினான். ஆங்கிலம் வந்துவிட்டது என்று சான்றிதழ் கிடைத்தது. பிராம்ப்டனில் கிடங்கு வேலைக்குப் போனான். சூப்பர்வைசர் பஞ்சாபி. கூட வேலை செய்பவர்கள் பஞ்சாபி, ஹரியானா. ஷிப்ட் யாருக்கு என்று முடிவாவது இந்தியில், திட்டு விழுவது பஞ்சாபியில். ஆறே மாதத்தில் அவன் இரண்டும் கற்றுக்கொண்டான். 1965-இல் இந்தியை எதிர்த்துத் தடியடி பட்ட தாத்தாவின் பேரன். டெல்லி அறுபது வருடமாகத் தலைகீழாக நின்றும் முடியாத காரியத்தை, மணிக்கு 16.55 டாலர் சம்பளம் தந்த ஒரு கிடங்கு முடித்துவைத்தது. ஆங்கிலம்? அது விமான நிலையத்தில் பேசியதுதான். மறுபடி பேச வாய்ப்பு வரவில்லை. கனடியர்களோடு பழகுங்கள் என்று கல்லூரி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவன் வகுப்பில் கனடியர் யாராவது இருந்தால் பழகலாம். இருப்பது வாத்தியார் ஒருவர். அவரும் ஒப்பந்தத் தொழிலாளி, நான்கு வளாகங்களுக்கு ஓடுகிறவர்.

சரி, இரண்டு வருடம் ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே தேர்வெழுதி, கனடா அரசு அங்கீகரித்த கல்லூரியில் பட்டயம் வாங்கிவிட்டான். இனி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து புது விதி. விண்ணப்பத்தோடு மொழித் தேர்வுச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

இன்னொரு தடவை படியுங்கள். பழைய தேர்வு முடிவு இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிட்டது. கனடாவின் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவனுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கனடா அரசுக்கே நம்பிக்கை இல்லை. அப்படியானால் அந்தக் கல்லூரி இரண்டு வருடம் எந்த மொழியில் காசு வாங்கியது? பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவனுக்கும் இதே விதி, இன்னும் உயர்ந்த மதிப்பெண்ணோடு. முந்நூறு டாலருக்கு மேல் கட்டி மறுபடி மிருகக்காட்சி சாலை. தன் சொந்தச் சரக்கைத் தானே நம்பாத கடைக்காரனை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இத்தோடு முடியவில்லை. பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை வாங்கப் புள்ளிகள் வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்கு வெட்டுப்புள்ளி ஐந்நூறைத் தாண்டிப் போய் நிற்கிறது. பிரெஞ்சு தெரிந்தவனுக்கு 2024 பிப்ரவரியில் 336 புள்ளிக்கே அழைப்பு வந்தது. செய்தி பேஸ்மென்ட்டுகளில் பரவியது. அன்றிலிருந்து பிராம்ப்டன் நிலவறைகளில் நள்ளிரவு பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. பஞ்சாபும் கும்பகோணமும் சேர்ந்து வினைச்சொல் உருமாற்றம் மனப்பாடம் செய்கின்றன. அந்தத் தெருவில் பிரெஞ்சு பேசும் ஒரு பூனைகூடக் கிடையாது. ஆங்கிலம் பேசவே ஆள் கிடைக்காத ஊரில் பையன் இரண்டாவது அந்நிய மொழியில் பேச ஆள் தேடுகிறான். ஏன் படிக்கிறாய் என்றால், கனடாவின் இருமொழிக் கலாசாரத்தில் ஒன்றுகலக்க என்று நேர்காணல் பதிலை ஒப்பிக்கிறான். இருமொழிக் கொள்கை என்றால் நமக்கும் பழக்கம் உண்டு. அதற்கு இவ்வளவு கட்டணம் கிடையாது.

இந்தக் கூத்துக்கெல்லாம் பொறுப்பாளி யார்? மத்திய அரசைக் கேட்டால் கல்லூரிகள் மாகாணப் பொறுப்பு என்கிறது. மாகாணத்தைக் கேட்டால் விசா கொடுத்தது மத்திய அரசு என்கிறது. நமக்கு இந்த ஆட்டம் மனப்பாடம். காவிரியில் பார்த்திருக்கிறோம், நீட்டில் பார்த்திருக்கிறோம். இவ்வளவு குளிரிலும் இதை ஆட முடியும் என்பதுதான் புதுத் தகவல்.

ஷான் ஃப்ரேசர் என்று ஓர் அமைச்சர். 2021 முதல் 2023 வரை குடியேற்றத் துறை. மாணவர் எண்ணிக்கை எகிறிய காலம் அது. தொழிலாளர் பற்றாக்குறை என்று கடைக்காரர்கள் கண்ணைக் கசக்கினார்கள். உடனே 2022 நவம்பரிலிருந்து, மாணவர்கள் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பை அவர் தற்காலிகமாக நீக்கினார். படிக்க வந்தவனே, எவ்வளவு வேண்டுமானாலும் உழைத்துக்கொள். 2023 ஜூலையில் அவருக்கு வீட்டுவசதித் துறை கிடைத்தது. ஒரே மாதம். வீட்டுப் பஞ்சத்துக்கு வெளிநாட்டு மாணவர் வரத்தும் ஒரு காரணம், உச்சவரம்பு வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். கூப்பிட்டவரும் அவர், கூட்டம் என்று மூக்கைப் பொத்தியவரும் அவர். 2025 மே மாதம் அவருக்கு நீதித்துறை கிடைத்தது. மாணவர்களுக்கு நீதி இன்னும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின் குடியேற்றத் துறைக்கு வந்த மார்க் மில்லர், சில தனியார் கல்லூரிகளை நாய்க்குட்டிகளைப் பெற்றுத் தள்ளும் பண்ணைகளோடு ஒப்பிட்டார். கைதட்டினோம். பண்ணைக்கு விசா முத்திரை குத்தியது எந்தத் துறை என்று யாரும் குறுக்கிடவில்லை. 2024 ஜனவரியில் உச்சவரம்பு வந்தது. முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் வெட்டு. வேலை நேர வரம்பும் திரும்பி வந்தது. மாணவர்கள் படிக்கத்தான் வர வேண்டும், வேலைக்கு வரக் கூடாது என்று அறிவுரையும் வந்தது. பதினேழு மாதம் பர்கர் சுட்டவன் கையில் எண்ணெயோடு நின்று அதைக் கேட்டான். 2024 அக்டோபரில் பிராம்ப்டனில் ஓர் உணவகத்தில் சர்வர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தெரு முனையையும் தாண்டி நின்ற வரிசையை உலகம் முழுக்க வீடியோவில் பார்த்தோம். வரிசையில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். யாரும் தள்ளவில்லை, முந்தவில்லை. ஒரு கை இடைவெளி விட்டு ஒழுங்காக நின்றார்கள். பழகிப்போதல் கட்டத்தை எட்டிவிட்டார்கள் என்று வரவேற்புக் கூட்டத்தில் அந்த வீடியோவைப் போடலாம்.

இப்போது கல்லூரிகள் அழுகின்றன. கிச்சனரில் இருக்கும் கொனஸ்டோகா கல்லூரி 2023-24 நிதியாண்டில் 25 கோடி டாலர் உபரி காட்டியது. மறுபடி சொல்கிறேன், அது லாபம் பார்க்கும் கம்பெனி இல்லை, அரசுக் கல்லூரி. வரத்து நின்றதும் அங்கும் ஆட்குறைப்பு. ஒன்டாரியோ கல்லூரிகளில் ஏறக்குறைய 10,000 பேர் வேலை இழந்தார்கள் என்கிறது அவர்களின் தொழிற்சங்கம். பாடப்பிரிவுகள் மூடப்படுகின்றன, வளாகங்கள் பூட்டப்படுகின்றன. உள்ளூர்ப் பிள்ளைக்கும் இனிப் படிப்பு இல்லை. நான்கு வளாகம் ஓடிய அந்த வாத்தியாருக்கு இப்போது ஒரு வளாகமும் இல்லை. உபரி வந்த வருடத்தில் விடுதி கட்டியிருக்கலாமே என்று கேட்டால், சூழ்நிலை எதிர்பாராதது என்கிறார்கள். 700 கிலோமீட்டர் தள்ளி வகுப்பு நடத்தும் அளவுக்குத் தொலைநோக்கு உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து போன மாணவர் விண்ணப்பங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றை கனடா நிராகரித்தது. நிராகரிப்புக் கடிதத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: படிப்பு முடிந்ததும் விண்ணப்பதாரர் நாட்டைவிட்டுத் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை. இத்தனை வருடம் பேரனைப் பார்க்க ஸ்வெட்டர் வாங்கச் சொல்லித்தான் சீட்டு விற்றார்கள். அந்தத் தம்பிக்குக் கமிஷன் கொடுத்தவை அவர்களுடைய அரசுக் கல்லூரிகள்தான். விண்ணப்பக் கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85. நிராகரித்தாலும் கைரேகையைத் திருப்பித் தர மாட்டார்கள், காசையும் தர மாட்டார்கள்.

போன மாதம் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அதே ஓட்டல், அதே கோட்டு. மேப்பிள் இலையை எடுத்துவிட்டு பிராண்டன்பர்க் வாயிலை ஒட்டியிருக்கிறார். ஜெர்மனி. "கல்விக் கட்டணமே கிடையாது சார்." மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டதே என்றேன். அது ஒண்ணுதான் சார் என்றார். விசாவுக்காக வங்கியில் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டுமே? "அது நம்ம காசுதானே சார், மாசாமாசம் நமக்கே வருது." மொழி? "ஏ1, ஏ2, பி1 எல்லாம் நம்மகிட்டயே கிளாஸ் இருக்கு. ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சாயிரம்."

கனடா நிராகரிப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினால் ஏ1 வகுப்பில் பத்து சதவீதம் தள்ளுபடியாம். ஏழெட்டு அப்பாக்கள் கையில் பிளாஸ்டிக் கவரோடு நின்றிருந்தார்கள்.